தாய்லாந்துப் பால் பண்ணைகள்: வரி போன பிறகு எந்த வழி?

2025 ஜனவரி 1 முதல் நியூசிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தாய்லாந்துக்கு வரும் பால் பவுடர், திரவப் பால், கிரீம் எதற்கும் இறக்குமதி வரி கிடையாது. அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. இது திடீரென்று வந்தது இல்லை. 2005இல் நடைமுறைக்கு வந்த, இந்த இரண்டு நாடுகளோடும் போட்ட ஒப்பந்தங்களிலேயே பாலுக்கு 20 ஆண்டு அவகாசம் கேட்டு வாங்கியிருந்தார்கள். அந்த அவகாசம்தான் முடிந்திருக்கிறது.

அந்த 20 ஆண்டும் பண்ணைகளைத் தாங்கியது எது என்று முதலில் பார்க்க வேண்டும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரை, அரசு குறைந்த வரியில் அனுமதிக்கும் அளவான ஒதுக்கீட்டுக்கு மேல் இறக்குமதி செய்தால் தாய்லாந்தின் பொது வரி 216 சதவீதம். அந்த வரியைக் கட்டி யாரும் வாங்க மாட்டார்கள். ஒதுக்கீட்டுக்குள் வாங்கினால் மலிவு. ஆனால் ஒதுக்கீடு வேண்டுமென்றால் உள்ளூர் விவசாயியிடம் பால் எடுத்திருக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை வைத்திருந்தது. என் பார்வையில், வரியைவிட இந்த நிபந்தனைதான் பெரிய பாதுகாப்பு. ஆலைக்குப் பவுடர் தேவை, பவுடருக்கு ஒதுக்கீடு தேவை, ஒதுக்கீட்டுக்கு விவசாயி தேவை. இப்போது நடுவில் இருந்த ஒதுக்கீடு போய்விட்டது. ஆலைக்கு விவசாயி தேவையா என்பதை இனி விலை மட்டுமே முடிவு செய்யும்.

தாய்லாந்தில் பால் பண்ணை என்பது பழைய தொழில் இல்லை. மன்னர் பூமிபோல் 1960இல் டென்மார்க் போய்வந்த பிறகு, டென்மார்க் உதவியோடு சரபுரி மாகாணத்தின் முவாக் லெக்கில் 1962 ஜனவரியில் முதல் பெரிய பண்ணை திறக்கப்பட்டது. 1971இல் அது அரசின் கைக்கு வந்து, பால் பண்ணை வளர்ச்சிக்கான அரசு நிறுவனமாக மாறியது. சிவப்பு மாட்டுப் படம் போட்ட 'தாய்-டென்மார்க்' பால் அங்கிருந்துதான் வருகிறது. அப்புறம் ராட்சபுரியில் நோங் போ கூட்டுறவு, நகோன் ராட்சசிமாவிலும் லோப்புரியிலும் சிறு பண்ணைகள் என்று பரவியது. பெரும்பாலானவை குடும்பப் பண்ணைகள். எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,000 டன் பால் தருகின்றன. எதிரே நிற்கும் நியூசிலாந்துப் பண்ணையில் சராசரியாக 400க்கு மேல் மாடுகள், ஆண்டின் பெரும்பகுதி வெட்டவெளிப் புல், பாலில் சுமார் 95 சதவீதம் ஏற்றுமதிக்கென்றே கட்டிய ஆலைகள்.

எவ்வளவு தூரம் இந்த விலையோடு போட்டி போட முடியும்? ஒரு கிலோ முழுக்கொழுப்புப் பவுடரைக் கரைத்தால் ஏறக்குறைய 8 லிட்டர் பால் வரும். உலகச் சந்தையில் பவுடர் டன்னுக்கு 4,000 டாலர் என்றால், கப்பல் கூலி, ஆலைச் செலவு சேர்க்காமல் லிட்டருக்கு அரை டாலர், அதாவது தாய்லாந்து நாணயத்தில் 16, 17 பாட். தாய்லாந்து விவசாயிக்குக் கிடைப்பது 20 பாட்டுக்குச் சற்று மேல். கூலியும் செலவும் சேர்த்தால் இந்த இடைவெளி பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் அதே பவுடர் 2013இல் 5,000 டாலரைத் தாண்டியது; 2015 ஆகஸ்டில் 1,600 டாலருக்கும் கீழே விழுந்தது. 1,600 டாலர் விலையில் கரைத்த பால் லிட்டருக்கு 7 பாட்டுக்குள் அடங்கிவிடும். எந்தக் குடும்பப் பண்ணையும் அந்த விலையில் ஓராண்டு தாக்குப்பிடிக்காது. ஆகவே சராசரி ஆண்டை வைத்துத் திட்டம் போடக் கூடாது. எந்த வழியையும் "விலை சரியும் ஆண்டில் இது நிற்குமா?" என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்கா இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே கதவைத் திறந்தார்கள். மானியத்தோடு வந்த ஐரோப்பியப் பவுடருக்கு எதிரே உள்ளூர்ப் பால் நிற்க முடியவில்லை. விவசாயிகள் பாலைத் தரையில் கொட்டினார்கள், சினை மாடுகளைக்கூட இறைச்சிக்கு விற்றார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விட்டது. கறவை மந்தை ஒரு முறை கலைந்தால், மறுபடி கட்ட ஒரு தலைமுறை ஆகும்.

பள்ளிப் பால்: பாலமாக மட்டும்

இப்போது பலரும் முதலில் சொல்வது பள்ளிப் பால் திட்டத்தை. 1992 முதல் நடக்கும் திட்டம் இது. மழலையர் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை, ஆண்டுக்கு 260 நாள், குழந்தைக்கு 200 மில்லி. நாட்டின் கறவைப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இதிலேயே போகிறது. பவுடரைக் கரைக்காத உள்ளூர்ப் பச்சைப் பாலில் செய்தது மட்டுமே வேண்டும் என்று அரசு கேட்கலாம். அரசு தன் செலவில் தன் தேவைக்கு வாங்கும்போது உள்நாட்டுக்கு முன்னுரிமை தருவதை உலக வர்த்தக விதிகள் தடுப்பதில்லை. தனியார் ஆலையைப் பார்த்து "உள்ளூர்ப் பாலை வாங்கு" என்று கட்டாயப்படுத்தினால்தான் வழக்கு வரும்.

ஆகவே சட்டப்படி இது திடமான வழி. விலை சரியும் ஆண்டிலும் நிற்கும். குழந்தைக்கும் நல்லது. இந்தத் திட்டத்தை வெட்ட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

ஆனால் தொழிலின் எதிர்காலத்தை இதன்மேல் கட்ட முடியாது. காரணம் எளிது: குழந்தைகள் குறைகிறார்கள். 1980களின் தொடக்கம்வரை தாய்லாந்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தார்கள். 2024இல் அது ஐந்து லட்சத்துக்கும் கீழே போனது. இன்று பிறக்கும் குழந்தைதான் சில ஆண்டு கழித்துப் பள்ளிப் பால் குடிக்கும். மேல் வகுப்புகளுக்கு நீட்டித்தால் சில ஆண்டு ஈடுகட்டலாம். அதற்குமேல் நீட்ட வகுப்பு இருக்காது. இன்னொன்று, நிரந்தர வாங்குபவர் ஒருவர் இருக்கும்போது, பாலின் தரத்தையோ செலவையோ சீராக்க ஆலைக்கும் சங்கத்துக்கும் அவசரம் வருவதில்லை. எந்த ஆலைக்கு எந்தப் பகுதி என்ற ஒதுக்கீட்டு இழுபறியிலேயே ஆற்றல் போய்விடுகிறது.

தீவனத்தில் கை வைப்பது

நான் முதல் இடம் கொடுப்பது இதற்கு. பேச்சில் கடைசியாக வருவதும் இதுதான்.

கறவைப் பண்ணையின் செலவில் பாதிக்கு மேல் தீவனம். தாய்லாந்தில் மாட்டுக்கு நல்ல பசுந்தீவனம் மழைக்காலத்தில்தான் தாராளம். வறண்ட மாதங்களில் வைக்கோல். வைக்கோலில் சத்து இல்லை என்பதால் அதை அடர்தீவனத்தால் ஈடுகட்டுகிறார்கள். அடர்தீவனத்தில் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு. இங்கேதான் பெரிய முரண். உள்நாட்டு மக்காச்சோள விவசாயியைக் காக்க, ஒதுக்கீட்டுக்கு மேல் வரும் மக்காச்சோளத்துக்கு 73 சதவீத வரி. அதற்குப் பதிலாகத் தீவன ஆலைகள் கோதுமையை இறக்கப் பார்த்தபோது, ஒரு கிலோ கோதுமைக்கு மூன்று கிலோ உள்ளூர் மக்காச்சோளம் வாங்க வேண்டும் என்று விதி போட்டார்கள். 2022இல் உக்ரைன் போரால் விலை எகிறியபோது அதைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டி வந்தது.

மக்காச்சோள விவசாயியும் ஏழைதான், அவரைக் காப்பது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்? பால் விற்பவர் உலக விலைக்கு விற்க வேண்டும், தீவனம் மட்டும் வேலிக்குள் இருக்கும் விலையில் வாங்க வேண்டும். பாலுக்கு வரியை எடுத்த அரசு, பாலைச் செய்யும் பொருளுக்கு வரியை வைத்துக்கொண்டே "போட்டி போடு" என்று சொல்வது நியாயமே இல்லை. கறவை மாட்டுத் தீவனத்துக்கென்று தனியாக ஓர் ஒதுக்கீட்டைக் குறைந்த வரியில் திறந்து, அதைக் கூட்டுறவுகளின் தீவன ஆலைகள் வழியாகவே கொடுக்கலாம். மக்காச்சோளச் சந்தையில் கறவை மாட்டின் பங்கு சிறியது; கோழியும் பன்றியும்தான் பெரும்பகுதியைத் தின்கின்றன. அதனால் சோள விவசாயிக்குப் பெரிய அடி விழாது.

இன்னொரு பாதி வயலில் இருக்கிறது. ராட்சபுரி, காஞ்சனபுரிப் பக்கம் பேபி கார்ன் உரித்த தோகை மலைபோல் சேர்கிறது, மாடு அதை விரும்பித் தின்னும். பிரச்சுவாப் கிரி கான் பக்கம் அன்னாசி ஆலைகளின் தோலும் சக்கையும். வடகிழக்கில் மரவள்ளிச் சக்கை. இவற்றை விவசாயிகள் ஏற்கெனவே கொடுத்துவருகிறார்கள். ஆனால் ஈரமான பொருள், சீக்கிரம் கெடும்; அருகில் இருப்பவருக்கு மட்டும் கிடைக்கும். இவற்றோடு மக்காச்சோளப் பயிரையும் நேப்பியர் புல்லையும் சேர்த்து, காற்றுப் புகாமல் புளிக்கவைத்து ஊறுகாய்ப் புல்லாகப் பதப்படுத்திக் கட்டுக் கட்டாக விற்கும் நிலையங்கள் வேண்டும். ஒவ்வொரு சொசைட்டிக்கும் ஒன்று இருந்தால் கோடையில் மாடு இளைக்காது. இது ஒருவர் தனியாகச் செய்யும் வேலை இல்லை. குழி, இயந்திரம், லாரி எல்லாம் சங்கம்தான் போட முடியும்.

தீவனத்தோடு வெப்பத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். தாய்லாந்தில் பெரும்பாலும் ஹோல்ஸ்டீன் ரத்தம் மிகுந்த கலப்பின மாடுகள். ஏப்ரல் வெயிலில் அவை தீனியைக் குறைக்கும், சினைப் பிடிக்காது, கன்று ஈனும் இடைவெளி நீளும். சராசரியாக நாளுக்கு 12, 13 லிட்டர் கறக்கும் மாட்டில் ஓரிரு லிட்டர் கூடினாலே கணக்கு மாறிவிடும். மின்விசிறி, நீர்த்தெளிப்பு, உயரமான கூரை என்று இதற்குத் தேவையானவை எல்லாம் தெரிந்த விஷயங்கள். பணம்தான் வேண்டும், ஒரு முறை போட்டால் பல ஆண்டு நிற்கும்.

இந்த வழியின் குறை, இது மெதுவானது. மக்காச்சோளம் விதைத்து, குழி தோண்டி, கொட்டகை மாற்றி, பலன் தெரிய மூன்று நான்கு ஆண்டு ஆகலாம். விலை சரிவு அதற்குள் வந்தால்? அதனால்தான் பள்ளிப் பால் என்ற பாலம் அதுவரை வேண்டும் என்கிறேன்.

பச்சைப் பால் என்று சொல்லி விற்பது

மலிவானதும் சீக்கிரம் செய்யக்கூடியதும் இது. கடலைக் கடந்து பவுடர் வரும், நெடுநாள் தாங்கும் யு.எச்.டி. பால் வரும். குளிரூட்டிய பாஸ்டரைஸ்டு பால் கப்பலில் வந்து பாங்காக் கடையில் ஏறுவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். விமானத்தில் வந்தால் விலை கட்டாது. ஆகவே குளிர்ப்பெட்டியில் இருக்கும் பால் இயல்பாகவே உள்ளூர்க்காரருடையது. காபிக் கடைகள் பெருகப் பெருக அதன் தேவையும் கூடுகிறது. சிங்கப்பூரில் கடைக்குப் போய் மெய்ஜி பால் வாங்கும் நம் மக்களுக்கு இது தெரிந்திருக்கும்: அது தாய்லாந்தில், சரபுரி ஆலையில் நிரப்பி வருவது. மலேசியத் தீபகற்பத்தைத் தாண்டி, குளிர் கெடாமல் போய் விற்க முடிகிறதென்றால் தரத்தில் குறையில்லை என்றுதான் அர்த்தம்.

போட்டி இருப்பது வேறு இடத்தில்: யு.எச்.டி. பால், குடிக்கும் தயிர், சுவையூட்டிய பால். இவற்றைப் பச்சைப் பாலிலும் செய்யலாம், பவுடரைக் கரைத்தும் செய்யலாம். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. பெட்டியின் முன்பக்கத்தில், பெரிய எழுத்தில், பச்சைப் பால் இத்தனை சதவீதம், கரைத்த பவுடர் இத்தனை சதவீதம் என்று போடச் சொல்ல வேண்டும். வியட்நாம் 2018 முதல் பச்சைப் பாலையும் கரைத்த பாலையும் வேறு வேறு பெயரில் விற்கச் சொல்லும் விதிகளோடு நடக்கிறது. அங்கும் பவுடர் வந்து குவிகிறது. ஆனாலும் சொந்தப் பண்ணை வைத்திருக்கும் நிறுவனங்கள் அதையே சொல்லி விற்கின்றன. உள்ளூர், வெளிநாடு என்று பிரிக்காமல் பச்சை, பவுடர் என்று பிரிப்பதால் ஒப்பந்த மீறல் என்று எளிதில் வழக்குப் போட முடியாது. செலவு, பெட்டி அச்சடிக்கும் செலவுதான்.

சுருக்கப்பட்ட பாலிலும் ஐஸ்கிரீமிலும் பிஸ்கட்டிலும் இந்த முத்திரை ஒன்றும் செய்யாது. அந்தச் சந்தையைப் பவுடருக்கு விட்டுவிடலாம். அது எப்போதும் பெரும்பாலும் பவுடருடையதாகத்தான் இருந்தது.

மற்ற யோசனைகள்

பாலாடைக்கட்டி செய்யலாம் என்பார்கள், சுவிட்சர்லாந்தைக் காட்டுவார்கள். சுவிஸ் நாடு 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பாலாடைக்கட்டி வணிகத்தை முழுவதும் திறந்தது உண்மை. பாலாடைக்கட்டியாகும் ஒவ்வொரு கிலோ பாலுக்கும் 15 ராப்பென் (சுவிஸ் பிராங்கின் சில்லறைக் காசு) அரசு கொடுத்தது. இறக்குமதியும் கூடியது, ஏற்றுமதியும் கூடியது. ஆனால் அது நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற கட்டிகள் உள்ள நாடு. ஒரு கிலோ செடாருக்குப் பத்து லிட்டர் பால் வேண்டும். தாய்லாந்து விலையில் பாலுக்கே 200 பாட்டுக்கு மேல். உலகச் சந்தையில் செய்து முடித்த செடாரே அதைவிட மலிவு. பாக் சோங் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் ஓரிரு பண்ணைகளுக்கு இது சரிவரும். மற்றவர்களை இதில் இறக்கிவிடக் கூடாது.

கொள்முதல் விலையை அரசு உயர்த்தி அறிவிப்பது இன்னொன்று. 2008ஆம் ஆண்டுப் பால் சட்டப்படி அமைந்த வாரியம் விலையை வைக்கிறது, ஆலைகளும் சங்கங்களும் ஆண்டுதோறும் கொள்முதல் ஒப்பந்தம் போடுகின்றன. ஒதுக்கீடு என்ற பிடி இருந்தவரை இது வேலை செய்தது. இப்போது விலையை உயர்த்தினால் ஆலை பவுடருக்கு மாறிவிடும். வாங்க ஆளில்லாத நல்ல விலையால் யாருக்குப் பயன்?

இறக்குமதிப் பவுடரையே உள்ளூர் வளர்ச்சிக்குப் பயன்படுத்தலாமே என்று இந்தியாவைச் சொல்பவர்கள் உண்டு. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியில் ஐரோப்பா இலவசமாகத் தந்த பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும், உள்ளூர் விலை விழாதபடி நகரங்களில் விற்று, வந்த பணத்தில் கூட்டுறவுகளைக் கட்டினார், அந்தப் புரட்சியை நடத்திய வர்கீஸ் குரியன். அற்புதமான வேலை. ஆனால் அது முடிந்ததற்குக் காரணம், பவுடர் முழுக்க ஒரே கையில் இருந்தது. தாய்லாந்தில் இப்போது யார் வேண்டுமானாலும் இறக்கலாம். இந்தியா இன்றுவரை அந்தக் கதவைத் திறக்கவில்லை: 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து விலகியதற்குப் பாலும் ஒரு காரணம். 2022இல் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தத்திலும் பால் பொருள்களை விலக்கி வைத்தது. ஆவின் சங்கத்தில் பால் ஊற்றும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த அடி இன்னும் வரவில்லை என்றால் அதனால்தான்.

விலக நினைப்பவருக்கு

இதைப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை, ஆனால் பேசியே ஆக வேண்டும். எல்லாப் பண்ணையும் மிஞ்சாது. வயதான உரிமையாளர், பிள்ளைகள் ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள், 2021இல் தோல் கழலை நோய் வந்து மாடுகள் நொந்துபோனதிலிருந்து கடன் வேறு. இப்படிப்பட்ட குடும்பத்துக்குப் புதுக் கொட்டகை போடக் கடன் கொடுப்பது உதவி ஆகாது.

ஆஸ்திரேலியா தன் உள்நாட்டுப் பால் விலைக் கட்டுப்பாட்டை 2000 ஜூலையில் எடுத்தபோது என்ன செய்தது என்று பார்க்கலாம். குடிக்கும் பால் ஒவ்வொரு லிட்டருக்கும் 11 சென்ட் வரி போட்டு, அந்தப் பணத்தை எட்டு ஆண்டு தவணையாக விவசாயிகளுக்குக் கொடுத்தது. முன்பு எவ்வளவு பால் கொடுத்திருந்தார் என்பதை வைத்துத் தொகை. தொடர்ந்து கறக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விலகுபவருக்குத் தனியாக 45,000 ஆஸ்திரேலிய டாலர் வரை. ஏறக்குறைய 13,000 பண்ணைகள் பத்தாண்டில் 8,000க்கும் கீழே வந்தன. குளிர்ந்த விக்டோரியா நின்றது, வெயில் மிகுந்த குயின்ஸ்லாந்து தேய்ந்துகொண்டே போனது. அந்தப் பணம் யாரையும் போட்டிக்குத் தயார்படுத்தவில்லை. ஆனால் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. தாய்லாந்துக்கு ஒத்துப்போகும் பாடம் இந்த இரண்டாவது பாதி. குயின்ஸ்லாந்தின் கதை வெப்பத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

நான் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் பணத்தை இப்படிப் பிரிப்பேன். பெட்டி முத்திரைச் சட்டம் உடனே, ஏனென்றால் அதற்குப் பணமே வேண்டாம். தீவன வரிச் சலுகையும் அதே ஆண்டில். கையில் இருக்கும் நிதியில் பெரும்பங்கு சங்கங்களின் ஊறுகாய்ப் புல் நிலையங்களுக்கும் கொட்டகை வெப்பத்துக்கும். பள்ளிப் பாலை இன்றைய அளவில் வைத்து, பாலின் கொழுப்பும் கிருமி எண்ணிக்கையும் பார்த்து விலை கொடுக்கும்படி மாற்றுவேன். கொள்முதல் விலை உயர்வுக்கும் பாலாடைக்கட்டி ஆலைக்கும் எதுவும் இல்லை.

விலகல் உதவியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பவுடர் விலை சரிந்த ஆண்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டை விற்க வருவார்கள், அப்போது கறவை மாட்டுக்கு இறைச்சி விலைதான் கிடைக்கும். விலை ஓரளவு நன்றாக இருக்கும்போதே உதவியை அறிவித்தால், விலகுபவரின் நல்ல மாடுகள் பக்கத்து ஊரில் தொடரப்போகிறவரின் கொட்டகைக்குப் போகும். அதற்கான பணத்தை ஆஸ்திரேலியா போலச் சில்லறை விற்பனையில் சிறு வரியாக எடுக்கலாம், உள்ளூர்ப் பால், வெளிநாட்டுப் பால் இரண்டின் மீதும் ஒரே அளவில். தாய்லாந்தில் பால் விலை உயர்வுக்கு வணிக அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும், ஆகவே வேளாண் அமைச்சகம் மட்டும் நினைத்தால் இது நடக்காது. இரண்டு அமைச்சகங்களும் அடுத்த சரிவுக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும்.